இங்குட்டு

காரைக்குடி
9 ஜூன் 2025

முத்தரசு அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. கடைசியாக வந்ததை மட்டும் பிரித்துப் படித்தேன். புதுப்புது நம்பரிலிருந்து போன் செய்வதை நிறுத்துங்கள். உங்கள் குரலும் உங்கள் அண்ணன் குரலும் போனில் ஒன்றுதான். முன்னொரு நாள் நானே ஏமாந்து உங்களிடம் மளிகைச் சாமான் சொல்லி, நீங்களும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு சிரித்ததுண்டு. இப்போது அந்தக் குரலில் ஒரு "ஹலோ" வந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. எழுத்தென்றால் படிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. குற்றப்பத்திரிகை போடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் ஒருமுறை வந்து, நான் கொடுத்த வாக்குமூலம் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். போன வருஷம் நான் கொடுத்தது இதுதான். உங்கள் அண்ணன் பழைய ஆஸ்டின் காருக்கு முன்னால் நின்று இன்ஜினைக் கிளப்ப ஹேண்டில் சுற்றினார். நீங்கள் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்திருந்தீர்கள். நான் காப்பி கொண்டுவந்து கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்துக் காலை எடுத்தீர்கள். வண்டி பாய்ந்து அவரைச் சுவரோடு சேர்த்தது.

காலை எடுக்கவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். எடுத்ததைப் பார்த்தேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். இப்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். வண்டி வருகிறது, சுவர் வருகிறது, உங்கள் கால் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தெரியாததைத் தெரியும் என்று இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கிளட்ச்சைப் பிரித்தால் ஏதாவது தெரியுமா என்று வண்டியைச் செக்காலையில் வயிரவன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச்சைப் பிரித்துவிட்டான். பிரித்ததை எங்கே வைத்தான் தெரியுமா? உங்கள் அண்ணன் சேர்த்து வைத்திருந்த பழைய சாமான் சாக்கின் மேலேயே. சாக்கு சரிந்து எல்லாம் ஒன்றாகிவிட்டது. இப்போது இரண்டு பிளேட் இருக்கிறது, பேரிங்கும் இரண்டு. எது வண்டியில் இருந்தது, எது சாக்கில் இருந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை. புது வண்டி பார்க்கிறவன், தலையைச் சொறிகிறான்.

நீங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறையிலிருந்து அண்ணனுக்கு அனுப்பிய கிளட்ச் பிளேட் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். என்னிடம் இருப்பதைப் பற்றி நான் முதலில் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சொன்னால் அதற்குத் தோதாக எழுதிவிடுவீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க வேண்டாம்.

ரேணுகா


கோயம்புத்தூர்
14 ஜூன் 2025

மதினிக்கு,

முதல் வரியிலேயே "அவர்களுக்கு" என்று போட்டு என்னை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். நான் அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து என்னை வாடா போடா என்றவர் நீங்கள். சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் புது லைனிங், உரசுகிற பட்டை, அடித்து அனுப்பியது எட்டு அங்குல பிளேட். சாண் அளவு இருக்கும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் பல் வெட்டிய குழல் ஒன்று இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து வரும் கம்பி அதற்குள்தான் நுழையும். உள்ளே பத்துப் பல். லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவிட்டெல்லாம் செம்பு. பித்தளை ரிவிட் அன்றைக்குக் கையில் இல்லை, இருந்ததை அடித்தேன். சாக்கில் கிடப்பது அம்பாசடர் பிளேட்டாக இருக்க வேண்டும், அண்ணன் காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது. அதில் ரிவிட் பித்தளை, லைனிங் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். பேரிங்கில் குழப்பமே வராது. ஆஸ்டினில் குண்டு போட்ட பேரிங் கிடையாது, கரி மாதிரிக் கறுப்பாக ஒரு வளையம்தான். தொட்டால் விரலில் ஒட்டும்.

வயிரவனிடம் கொடுத்தீர்களே, அவனுக்கு ஸ்கேனர் மாட்டினால்தான் வண்டிக்கு என்ன நோய் என்று தெரியும். அண்ணன் இருந்தால் அவனைப் பட்டறை வாசல் தாண்ட விட்டிருக்கமாட்டான்.

இனி நான் சொல்ல வேண்டியது. பிளேட் மாட்டிய பிறகு வண்டியை முதல் தடவை கிளப்பிப் பார்க்கத்தான் நான் ஊருக்கு வந்தேன், பேட்டரி இறங்கிப் போனதால்தான் ஹேண்டில் போட்டான். வண்டி கியரில் கிடந்தது உண்மை, ஹேண்ட்பிரேக் பிடிக்காததால் எப்போதும் அப்படித்தான் நிறுத்துவான். கிளட்ச்சை மிதித்திருந்தால் கியரில் கிடந்தாலும் வண்டி நகராது. அதனால் நியூட்ரல் போட அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. முதல் சுற்றில் "கனமா இருக்குடா" என்றான். "மிதிச்சுத்தாண்ணே இருக்கேன்" என்றேன். அடுத்த இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் காலை எடுக்கவில்லை.

கொள்ளி வைக்க என்னை விடவில்லை நீங்கள். பங்காளி வீட்டுப் பையன் வைத்தான். நான் சுடுகாட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று புகையைப் பார்த்தேன். கடைக்காரர் டீ போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்று சொல்லிக் குடிக்கவும் குடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது, மதினி.

முத்தரசு


காரைக்குடி
20 ஜூன் 2025

முத்தரசுக்கு,

நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. செம்பு ரிவிட் போட்ட பிளேட் ஒன்று, பித்தளை ரிவிட் போட்டது ஒன்று. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பல்லை இரண்டு தடவை எண்ணினேன். கறுப்பு வளையமும் கிடைத்தது, விரலில் ஒட்டியது. வண்டிச் சாமானை மட்டும் தனியாக எடுத்து அலுமினியச் சட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருக்கிறேன். வயிரவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். "இத வச்சு என்னம்மா செய்யப் போறீக, எடைக்குப் போட்டுருங்க" என்றான்.

"கனமா இருக்குடா" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. போலீசில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, அதற்கு ஒரு அர்த்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் எதைத் தூக்கினாலும் கனமாக இருக்கிறது என்று சொல்கிற ஆள்தானே.

நீங்கள் டீ குடித்ததற்குக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று நான் டிவி பார்த்தேன். தொடர் ஒன்று ஓடியது, முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். பசிக்கிறது, சாப்பிடுகிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது. கொல்லையில் கீரை விதைத்தேன், முளைத்திருக்கிறது. அவர் சட்டையெல்லாம் துவைத்து மடித்து வைத்தேன். ஒரு சொட்டு அழவில்லை என்று தெருவே பேசுகிறதாம். பேசட்டும். எனக்கே அது ஏனென்று தெரியவில்லை. கன்னத்தில் பல் ஊசி போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது, கிள்ளினாலும் யாரோ ஒருத்தி கன்னம்.

இந்தச் சாமானில் எதைப் பார்த்தால், நீங்கள் மிதித்திருந்தீர்களா இல்லையா என்று தெரியும்? அதை எழுதுங்கள்.

ரேணுகா


கோயம்புத்தூர்
26 ஜூன் 2025

மதினிக்கு,

எந்தச் சாமானிலும் அது தெரியாது. கால் எங்கே இருந்தது என்று இரும்பு சொல்லாது. இப்படி உண்மையை எழுதுவதால் எனக்குத்தான் நஷ்டம், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆனால் வேறொன்று தெரியும். மிதித்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்குமா என்பது. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் இந்த பிளேட். மிதிக்காதவரை பிளேட் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மிதித்தால் விட்டுவிடும், இன்ஜின் சுற்றினாலும் வண்டி நிற்கும். கிளட்ச் என்றால் இவ்வளவுதான்.

பிளேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. நடுக்குழல் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், இன்னொரு பக்கம் நீளமாக வெளியே நீட்டியிருக்கும். தட்டைப் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். நீட்டிய பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் குழல் போய் இன்ஜின் சக்கரத்தின் போல்ட் தலைகளில் இடிக்கும். பிறகு ஆளே ஏறி நின்று மிதித்தாலும் பிளேட் விடாது. ஹேண்டில் சுற்றினால் இன்ஜினோடு வண்டியையும் சேர்த்துத் தள்ளுகிற கனம் இருக்கும்.

அண்ணன் அப்படித் திருப்பிப் போடுகிற ஆளில்லை. எத்தனை வண்டிக்குப் போட்டவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியாகப் போடுவான், அதனால்தான் இத்தனை நாள் இதை எழுதவே இல்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். குழலின் நீட்டிய முனையைப் பாருங்கள். போல்ட் தலை உரசியிருந்தால் வட்டமாகப் புதுக் கீறல் இருக்கும். ஒரு நொடி இன்ஜின் ஓடியிருந்தாலும் போதும், விழுந்திருக்கும்.

கீறல் இருக்காது. இல்லை என்றால் என்னிடம் வேறு சாட்சி கிடையாது. அப்போது நீங்கள் முன்னே சொன்னதையே ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன் என்று பொய்யாவது எழுத நினைத்தேன். வரவில்லை. வருத்தப்படுவேன்.

முத்தரசு


காரைக்குடி
3 ஜூலை 2025

முத்தரசுக்கு,

கீறல் இருக்கிறது. நீட்டிய முனையில் சுற்றிலும், புதுப்பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று. வயிரவனிடம் காட்டினேன். விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, வண்டியில் கிடந்த போல்ட் தலையையும் பார்த்துவிட்டு, "தலைகீழாத்தாம்மா போட்டிருக்காக" என்றான். அதற்குப் பிறகு அவன் எடைக்குப் போடுகிற பேச்சை எடுக்கவில்லை.

தட்டைப் பக்கத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். பெயிண்டில் எழுதியிருக்கிறது. "இங்குட்டு."

அது உன் கையெழுத்து. "ட்டு" வாலை நீ இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாதா? எங்கள் கல்யாணப் பத்திரிகை உறையெல்லாம் நீ எழுதியதுதானே.

அவர் அதை மாட்டிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். நான் டார்ச் பிடித்தேன். பிளேட்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். முதலில் நீ இப்போது சொல்கிற மாதிரி சரியாகத்தான் பிடித்தார், தட்டைப் பக்கம் இன்ஜினைப் பார்க்க. பிறகு எழுத்தைப் பார்த்தார். சிரித்தார். "ஊருக்கெல்லாம் இங்கிலீசுல எழுதுறவன், எனக்குன்னு தமிழ்ல எழுதி விட்டிருக்கான் பாரு" என்றார். சிரித்துக்கொண்டே பிளேட்டைத் திருப்பினார், எழுத்து தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி. அப்படியே மாட்டினார்.

நீ எந்தப் பக்கத்து இங்குட்டை எழுதினாய்?

ரேணுகா


கோயம்புத்தூர்
19 ஜூலை 2025

மதினி,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அந்த எழுத்தே எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் வருகிறது.

பட்டறையில் எந்த பிளேட் போனாலும் இன்ஜின் பக்கத்தில் எஃப், டபிள்யூ என்று இரண்டு எழுத்துப் போடுவோம். ஃப்ளைவீல், இன்ஜின் சக்கரத்துப் பக்கம் என்று அர்த்தம். அண்ணனுக்கு அது பிடிக்காது. "ஏன்டா, வெள்ளக்காரனுக்கா அனுப்புற" என்பான். அன்றைக்கு பார்சல் கட்டும்போது அது நினைவுக்கு வந்து, சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தேன்.

ஊரில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த நாளெல்லாம் நான் முன்னால், அவன் அடியில். நான் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் குனிந்திருப்பேன். அவன் கியர்பாக்ஸுக்குக் கீழே மல்லாந்திருப்பான். எனக்கு இங்குட்டு என்றால் இன்ஜின். அவனுக்கு இங்குட்டு என்றால் கியர்பாக்ஸ். "இங்குட்டுத் தள்ளுடா" என்பான், "நீ அங்குட்டு இழு" என்பேன். ஒருநாள்கூட மாறியதில்லை, சத்தம் எங்கிருந்து வருகிறதோ அதுதான் இங்குட்டு. பிளேட்டில் எழுதும்போது நான் இன்ஜினுக்குப் பக்கத்தில் நிற்பதாகவே நினைத்திருக்கிறேன். அவன் படித்தபோது, அவனுக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்வதாக நினைத்திருக்கிறான். தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு என் எழுத்தை நம்பியிருக்கிறான்.

மதினி, ஒன்று கேட்கிறேன். நான் காலை எடுத்தேன் என்றே சொல்லிவிடுங்கள். பார்த்தேன் என்று சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். பிளேட்டை ஊருணியில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என் அண்ணன் தங்கச்சாமி கிளட்ச்சைத் தலைகீழாக மாட்டினான் என்று எவனும் பேசக்கூடாது. அது ஒன்று. இன்னொன்று எனக்காக. கால் தவறியது என்றால் அது கண் சிமிட்டுகிற நேரத்துத் தப்பு, எவனுக்கும் வரும். இது அப்படியில்லை. உட்கார்ந்து, பெயிண்டைக் கலக்கி, ஆசையாக எழுதியது. காலை எடுக்கவில்லை என்று இத்தனை நாள் உங்களிடம் சண்டை போட்டேன். எடுத்திருக்கக்கூடாதா என்று இப்போது இருக்கிறது. ஜெயில் என்றாலும் எனக்குச் சம்மதம்.

முத்தரசு


காரைக்குடி
2 ஆகஸ்ட் 2025

முத்தரசுக்கு,

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். பிளேட்டை ஊருணியில் போடவில்லை. மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வயிரவன் தானாகவே கூட வந்தான்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். கேட்கக் கேட்க வேறு யாரோ சொன்னது மாதிரி இருந்தது. முடித்ததும், காலை எடுத்ததை நான் பார்க்கவில்லை என்றேன். தம்ளர் தளும்பிவிடக்கூடாது என்று தம்ளரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன் என்றேன். அப்புறம் ஏன் பார்த்ததாகச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"அன்னிக்கு யாராச்சும் ஒருத்தர் வேணும்னு இருந்துச்சுங்கய்யா" என்றேன். அவர் அதை எழுதவில்லை.

பிளேட்டை மேசை மேல் வைத்தேன். வயிரவன் கீறலைக் காட்டி விவரம் சொன்னான், "கனமா இருக்குடா" என்று அவர் சொன்னதை நான் சொன்னேன். எழுத்தையும் காட்டினேன், யார் எழுதியது, யார் மாட்டியது என்று ஒளிக்காமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வடக்கத்தி மாவட்டத்துக்காரர் போல. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இங்குட்டுன்னா எங்கம்மா?" என்றார். நான் பிளேட்டைக் கையில் எடுத்து என் பக்கம் பிடித்தேன். பிறகு அவர் பக்கம் திருப்பினேன். இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

"நிக்கிற ஆளப் பொறுத்துங்கய்யா" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை எப்படியம்மா எழுதுவது என்றார். பிளேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிபுணர் யாரிடமோ அனுப்பிக் கேட்பார்களாம். வழக்கு நிற்குமா நிற்காதா என்று அவரால் இப்போது சொல்ல முடியாதாம்.

இனி உனக்கு. உன்னைக் காப்பாற்றத்தான் போனேன் என்று நினைத்துவிடாதே. கண் சிமிட்டுகிற நேரத்துத் தப்பை வாங்கிக்கொண்டு ஜெயிலில் போய் நிம்மதியாக உட்கார்ந்துவிடலாம் என்று பார்க்கிறாய். அதற்கு என் பொய்யைக் கேட்கிறாய். தரமாட்டேன். உனக்கு வந்தது எதுவோ அதையே தூக்கு. நான் என்னுடையதைத் தூக்கிக்கொண்டுதான் நடமாடுகிறேன். டார்ச் பிடித்தவள் நான். இரண்டு பக்கத்தையும் அவர் எனக்குக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சீக்கிரம் மாட்டுங்கள், கை வலிக்கிறது என்றேன்.

உன் அண்ணன் பேர் கெட்டுவிடும் என்கிறாய். கெடட்டும். தம்பி எழுத்தை நம்பிய ஆள் என்பதும் அந்தப் பேரில் சேர்ந்துதான் இருக்கும்.

இந்த மாதக் கடைசியில் அவருக்கு முதல் வருஷத் திதி வருகிறது. பங்காளி வீட்டில் கேட்டார்கள், போன தடவை மாதிரி எங்கள் பையனே செய்யட்டுமா என்று. வேண்டாம், முத்தரசு வருவான் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், அந்த மாதிரி எனக்குள் ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. இருந்த இடத்தில் தடவிப் பார்த்தால் வெறுமனே இருக்கிறது. என்றைக்காவது அது வலிக்க ஆரம்பிக்கும்போது பக்கத்தில் யாராவது அவரைத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும் என்று மட்டும் பயமாக இருக்கிறது. உன்னைவிட்டால் எனக்கு ஆள் யார்?

முதல் நாளே வந்துவிடு. எள்ளும் தண்ணீரும் நீதான் இறைக்க வேண்டும். நான் கூட நிற்கிறேன்.

மதினி